பொருநை ரெசிடென்சி லிப்ட் வாய் திறந்த கதை

பாளையங்கோட்டையில், ஐந்து மாடியும் இருபது வீடும் ஒரே ஒரு லிப்டும் உள்ள பொருநை ரெசிடென்சியில், ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, பிறந்ததிலிருந்து "கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்" என்பதைத் தவிர வேறொரு வார்த்தை பேசி அறியாத அந்த லிப்ட், அதே பெண் குரலில், அதே செய்தி வாசிக்கும் நிதானத்தில், "மூலத்துக்கு அத்திப்பழத்தை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்" என்று கேட்டது. உள்ளே நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்காமவரான நாலாம் மாடி பேங்க் மேனேஜர் மட்டும், மேலே ஓடிக்கொண்டிருந்த குட்டி மின்விசிறியை அது அன்றைக்குத்தான் மாட்டப்பட்டது போல உற்றுப் பார்த்தபடி நின்றார். இறங்கும்போது, "வோல்டேஜ் சரியில்ல" என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். மத்தியானமானால் மிக்ஸி அழுகிற ஊரில் லிப்ட் அத்திப்பழம் கேட்டதில் அதிசயப்பட என்ன இருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் அது இரண்டாம் மாடி ஜவுளிக்கடைக்காரரைச் சுமந்துகொண்டு "வழுக்கையில் முடி வளர வெங்காயமா விளக்கெண்ணெயா" என்றும், அவர் மனைவியைச் சுமந்துகொண்டு "கணவனின் சகோதரி வந்தால் எத்தனை நாளில் போவாள்" என்றும், என்னைச் சுமந்துகொண்டு "நாற்பத்தொன்பது வயதில் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது எதனால்" என்றும் சொல்லிவிட்டது. என்னோடு இருந்தவர்கள் மரியாதைக்குக்கூட ஆச்சரியப்படவில்லை, அவர்களுக்குப் பதில் முன்னமே தெரியும் போல. யார் கடைசியாகக் கம்ப்யூட்டரிலோ போனிலோ எதைத் தேடினார்களோ அதை லிப்ட் சொல்கிறது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் பலகையைக் கழற்றி, ஒயர்களைப் பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டி, "மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் பேசுது" என்றார். அவரைக் கீழே கொண்டுபோய் விட்டபோது லிப்ட், "இந்த வேலையை விட்டுவிட்டுத் துபாய் போக எந்த ஏஜென்சி நல்லது" என்று கேட்டு வழியனுப்பி வைத்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். எலுமிச்சம்பழம் கட்டினோம். முதல் மாடி ஜெபசெல்வி டீச்சர் ஜெபக்கூட்டத்தாரை அழைத்துவந்து கதவில் எண்ணெய் தடவினாள். லிப்ட் எல்லா மரியாதையையும் வாங்கிக்கொண்டு, பூசாரிக்கும் பாஸ்டருக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஆளுக்கொன்று சொன்னது. ஆவணி பிறந்தபோது நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம், புதிதாக வந்த வாஷிங் மெஷினின் சத்தத்துக்குப் பழகுவது போல. படியில் ஏறி இறங்கித் தப்பித்தவர்களும் உண்டு, ஆனால் மூட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவள் எதைத் தேடியிருப்பாள் என்று மற்றவர்கள் போட்ட கணக்கு, அவள் நிஜமாகத் தேடியதைவிட எப்போதும் மோசமாக இருந்ததால், அவர்களும் நாளடைவில் லிப்டுக்கே திரும்பினார்கள்.

இவ்விடத்தில் தளவாய் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாடி. ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், எட்டு வருஷமாக எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், ஏனென்றால் எதிர்த்து நின்றால் நாம் என்றைக்கு எந்தப் பக்கம் குப்பையைப் போட்டோம் என்று தேதியோடு படித்துவிடுவார். லிப்ட் பேசத் தொடங்கிய பத்தாம் நாள், கீழ்த்தளத்தில் லிப்ட் வாசலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, நீளக்காகித நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேதி, மணி, சொன்ன வாசகம், சம்பந்தப்பட்டவர் பெயர் என்று நாலு பத்தி. கான்வென்டில் சிஸ்டர் வெளியே போகும்போது, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி ஒருத்தியிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வகுப்பு முழுக்க அவளை வெறுக்கும், அவள் தன்னை எல்லாரும் மதிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த முகம் அப்படியே தளவாய் அண்ணாச்சிக்கு இருந்தது. ஒரே ஒரு சிக்கல். லிப்டில் நாலு பேர் இருந்தால் அது இப்போதெல்லாம் நாலு பேருடையதையும் வரிசையாகச் சொல்லுமே தவிர, எது யாருடையது என்று சொல்லாது. அதை அண்ணாச்சி தன் அனுபவ அறிவால் நிரப்பிக்கொண்டார்.

மாற்று வழியைக் கண்டுபிடித்தது ஜெபசெல்வி டீச்சர். ஹையர் செகண்டரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். முதலில் எல்லாரும் பிரவுசரில், தேடியதை ஞாபகம் வைத்துக்கொள்ளாத அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து அதில் தேடிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு லிப்டில் ஏறினார்கள். லிப்ட் வாசகத்தைச் சொல்லி முடித்து, "கறுப்பு ஜன்னலில் தேடியது" என்றும் சேர்த்துச் சொன்னது. அப்போதுதான் டீச்சர் ஜவுளிக்கடைக்காரரிடம் விளக்கினாள்: "அது உங்க வீட்டுக்காரம்மா பாக்காம இருக்கதுக்கு உள்ள ஜன்னல், அண்ணாச்சி. ஊரு பாக்கதுக்கு அது தடையே இல்ல." பிறகு, கேட்கிறவர் யார் என்று எழுதிவைத்துக்கொள்ளாத ஒரு தனித் தேடுபொறியை எல்லாருடைய போனிலும் போட்டுக்கொடுத்தாள். அதில் தேடினால் லிப்டுக்கு வாய் கட்டிப்போய்விட்டது. கதவு மூடுகிறது என்றது, நிறுத்திக்கொண்டது.

மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் ஜவுளிக்கடைக்காரர் மனைவி என் வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மைனி, இவுக லிப்டுல ஏறினா அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கு. வெங்காயம்னு சொல்லிட்டு இருந்த மனுசன். இப்ப என்னத்தத் தேடுதாவளோ" என்று கண்கலங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபது வீட்டிலும் இதே கண்ணீர். வழுக்கையைத் தேடுகிறவரோடு குடும்பம் நடத்தலாம், ஒன்றுமே தேடாதவரோடு எப்படி நடத்துவது. சங்கக் கூட்டம் கூடியது. தளவாய் அண்ணாச்சி எழுதிக் கொண்டுவந்த தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார்: மேற்படி லிப்டைப் பயன்படுத்தும் குடியிருப்போர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஒரு முறையேனும் திறந்த முறையில் தேடி, மேற்படி லிப்டால் சொல்லப்பட வேண்டும், மௌனமாக இறங்குவோர் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டும். கை தூக்காதவர் யாரும் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் என்று காட்டிக்கொள்ள நாங்கள் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கை தூக்குவோம்.

இப்படியாக லிப்டுத் தேடல் என்றொரு ஆசாரம் உண்டாயிற்று. தேட வேண்டியதையெல்லாம் தனித் தேடுபொறியில் தேடி முடித்து, குளித்து, விபூதி பூசி, செருப்பு மாட்டும் முன்னால் திறந்த பிரவுசரில் கௌரவமாக ஒன்றைத் தட்டுவது. லிப்ட் ஏறினால் "முதியோருக்குச் சேவை செய்வது எப்படி" என்றது, "அதிகாலை எழுவதன் நன்மைகள்" என்றது, "இந்திய அரசமைப்பின் முகவுரை" என்றது. இரண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் பக்தியில் போட்டி வந்தது. பேங்க் மேனேஜர் எட்டுத் திருத்தலங்களின் நடை திறக்கும் நேரத்தை ஒரே வாரத்தில் தேடினார். ஆனால் இணையம் எங்களை நம்பிவிட்டது, அதற்கு எங்களைப் பற்றித் தெரியாது பாவம். அவர் போனில் நாள் முழுக்க ருத்திராட்ச விளம்பரமும் காசிக்கு டிக்கெட் வேண்டுமா என்ற விசாரணையும் வந்துகொண்டே இருந்தன. முதியோர் சேவையைத் தேடிய ஜவுளிக்கடைக்காரர் மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்திலிருந்து தினமும் போன் செய்து, அம்மா எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டார்கள்.

இந்த ஆசாரத்துக்கு அடங்காத ஒரே பிறவி, தளவாய் அண்ணாச்சியின் மருமகள் ஆவுடைச்செல்வி. முப்பத்து மூன்று வயது. சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆறு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தாள். குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்ட பெண்கள் ஏன் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. மூன்று அத்தியாயம் முடிந்து நாலாவது நின்றது. செப்டம்பர் முப்பதாம் தேதி ஐந்து மணிக்குள் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு தரம் தவணை வாங்கியாகிவிட்டது. அவள் காலையில் லேப்டாப்பை மூடும் நொடி வரை வேலை செய்துவிட்டு கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க எட்டு நாற்பதுக்கு ஓடிவந்து லிப்டில் ஏறுகிறவள், முகவுரையெல்லாம் தேட அவளுக்கு நேரம் ஏது. ஆகவே ஒரு புதன்கிழமை, அவளும் மாமியார் பிரமநாயகி அக்காவும் நானும் இறங்கும்போது, என்னுடைய அதிகாலை எழுவதன் நன்மைகளுக்குப் பிறகு, லிப்ட் சொன்னது: "மாமியார் கொடுமைக்குச் சாட்சி இல்லாவிட்டால் என்ன செய்வது."

பிரமநாயகி அக்கா கையிலிருந்த பூக்கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். வெளியே நாற்காலியில் பேனா ஓடியது.

மறுநாள் "கணவன் வீட்டார் மிரட்டி மனுவைத் திரும்பப் பெறச் செய்தால்." அதற்கும் மறுநாள் "விவாகரத்து வழக்கில் மனைவியின் சான்றிதழ்கள் யார் வசம்." பொருநை ரெசிடென்சி முழுக்க ஐந்தாம் மாடிக் குடும்பம் உடைகிறது என்று முடிவாகி, மின்வாரியத்தில் வேலை பார்க்கும், தன் சட்டையைத் தானே இஸ்திரி போடும், வாய் அதிகம் திறக்காத அவள் கணவன் நல்லசிவத்தை, பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று பார்க்கிங்கில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆவுடைதான் கடைசியில் கீழ்த்தளத்தில் நின்று, "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, இது என் ஆராய்ச்சி. என் கதை இல்ல" என்றாள். ஆராய்ச்சியா, அப்படியானால் சரி என்றோம். எங்களுக்குக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும், எதையும் விழுங்கிவிடுவோம்.

அந்தக் காரணத்தின் அருமை எங்களுக்கு மறுவாரம்தான் உறைத்தது. இதை முதலில் தொடங்கியது மேனேஜர் மனைவி என்று நினைக்கிறேன். எட்டு நாற்பதுக்கு ஆவுடை இறங்கும்போது நாலாம் மாடியில் லிப்ட் நின்றது, மேனேஜர் மனைவி ஏறினாள், லிப்ட் "திருமணத்துக்குப் போட்ட நகை சட்டப்படி யாருக்குச் சொந்தம்" என்றது, ஆவுடையின் வாசகம் அடுத்து வந்தது, கீழே தளவாய் அண்ணாச்சி இரண்டையும் மருமகள் பெயரிலேயே எழுதினார், மேனேஜர் மனைவி கோயிலுக்குப் போகிறவள் போல நடந்து போய்விட்டாள். மறுநாள் மூன்று பேர். அடுத்த வாரம் எட்டு நாற்பதுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி கூடையோடோ பாத்திரத்தோடோ நின்றாள். தனித் தேடுபொறியில் தேடிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் தேடினால் லிப்ட் சொல்லாதே. சொல்லப்பட வேண்டும், ஆனால் நாம் சொன்னதாக இருக்கக் கூடாது, இதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது என்று ஆவுடையோடு ஏறிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. "அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள்." "பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார்களா." கதவு திறக்கும்போது எல்லாருமாகச் சேர்ந்து, பாசமாக, "ஆவுடைக்கு ஆராய்ச்சி" என்போம். நானும் ஏறினேன். என்ன தேடினேன் என்பது உங்களுக்கு எதற்கு.

ஆவுடை எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தான் தட்டியது ஒன்று, லிப்ட் சொல்வது ஐந்து என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு சின்ன நோட்டை எடுத்து, யார் பெயரும் போடாமல், அன்றைக்கு லிப்ட் சொன்னதை எழுதிக்கொள்வாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கோர்ட்டுக் கட்டுகளில் ஆறு வருஷம் தேடியும் கிடைக்காதது அவளுக்கு ஐந்து மாடி இறங்குவதற்குள் கிடைத்தது: மனுவைத் திரும்ப வாங்கியவர்கள் அல்ல, மனுவே போடாதவர்கள்.

ஆனால் அதே வாசகங்கள் வேறொரு நோட்டிலும் இருந்தனவே. ஆவணி இருபத்து மூன்றாம் தேதி தளவாய் அண்ணாச்சி கூடத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். எண்பத்தேழு வாசகம், எல்லாம் மருமகள் பெயரில். வெங்காயம் கடன் வாங்கப் போயிருந்த நான் சமையலறை வாசலில் நின்றேன், போகச் சொல்லாதவரை நிற்பதுதானே மரியாதை.

"ரெவின்யூல முப்பத்தெட்டு வருஷம். என் பேர்ல ஒரு மெமோ கிடையாது" என்றார். "இப்ப பால்காரன் என்னைப் பாத்து அனுதாபப்படுதான்."

"இதெல்லாம் என்னோடது இல்ல மாமா."

"அப்ப யாரோடது?"

ஆவுடை என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வக்கில்லை.

"சரி. இன்னொரு தரம் இந்த வீட்டு மானத்தை லிப்டு வாங்கிச்சின்னா, அன்னையோட ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டிரணும். சம்மதமா? நல்லசிவம், நீ என்ன சொல்லுதே?"

நல்லசிவம் மின்விசிறியைப் பார்த்து, "அப்பா சொல்லுதது..." என்று தொடங்கினான். தொடங்கியதோடு சரி.

அப்படித்தான் ஆவுடை தனித் தேடுபொறிக்கு மாறினாள். ஒரு வாரத்தில் அவள் முகம் சுருங்கிவிட்டது. என் சமையலறையில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடிக்காமலே ஆறவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தேடுபொறிய வீட்டு வேலைக்கு வாறவ மாதிரி வச்சுக்கிடுங்க மைனி. பழைய ஆளு நாலு வருஷமா வாறா. நான் மனுன்னு வாயத் தொறந்தாலே ஐகோர்ட்டு உத்தரவ எடுத்துக் கையில தந்துருவா. ஆனா போற வீடெல்லாம் நம்ம கதையச் சொல்லுவா. புது ஆளு அப்படி இல்ல, வாயே தொறக்க மாட்டா, தங்கமானவ. ஆனா தெனமும் காலையில வந்து, யம்மா அடுப்பு எங்க இருக்குன்னு கேக்கா. நேத்து திருநெல்வேலி குடும்ப நீதிமன்றம்னு கேட்டா, அமெரிக்காவுல வக்கீல் வேணுமாங்கா."

"நம்மளத் தெரிஞ்சுக்கிட மாட்டேன்னு சத்தியம் பண்ணினவகிட்ட, நம்மளத் தெரியலியேன்னு வருத்தப்பட்டா எப்படி?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒரு நாள்ல முடிக்க வேண்டியது நாலு நாளாகு. பதினாலு நாள் இருக்கு."

"வேற யாரு வீட்லயாவது உக்காந்து, அவுக போன்ல தேடேன்."

"ஒங்க போன்ல தேடட்டுமா மைனி?"

நான் டீயை மறுபடி சூடு பண்ணினேன்.

இதில் இன்னொரு வில்லங்கம், தனித் தேடுபொறியில் தேடினால் லிப்ட் பேசாது, பேசாதவர்கள் படியில் போக வேண்டும் என்பது மாமனாரே எழுதிய தீர்மானம். தலைவர் வீட்டு மருமகள் ஐந்து மாடியைப் படியில் இறங்கினால் அது வேறு பேச்சாகும். அண்ணாச்சி யோசித்து, தாசில்தார் மூளையல்லவா, ஒரு வழி செய்தார். தினமும் எட்டரைக்குத் தன் மனைவியின் போனை வாங்கி, திறந்த பிரவுசரில் "பிரதோஷ விரத முறை" என்று தன் விரலாலேயே தட்டி, போனை அவள் கையில் கொடுத்து, மருமகளோடு லிப்டில் வரச் சொல்லுவார். சொல்லிவிட்டுத் தான் முன்கூட்டியே கீழே போய் நாற்காலியில் அமர்வார். லிப்ட் பிரதோஷ விரத முறை என்று சொல்லும். ஆவுடைக்கென்று ஒன்றும் இராது. அது யாருடையது என்று லிப்ட் சொல்லாததால், அண்ணாச்சி அதையே இரண்டு பேர் கணக்கிலும் எழுதிக்கொள்வார். பிரமநாயகி அக்கா கீழே இறங்கி, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, திரும்ப மேலே போவாள். எங்களுக்கு ஆவுடையோடு ஏற முடியாமல் போயிற்று. ஏறினால் பிரதோஷத்தோடு சேர்ந்து நம்முடையது தனியாகத் தெரிந்துவிடும். எட்டு நாற்பதுக்கு எல்லா மாடியிலும் கதவைச் சாத்திக்கொண்டோம்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி நான் குப்பைப் பையோடு கீழே நின்றிருந்தேன். லிப்ட் வந்து இறங்கியது. கதவு திறக்கும் முன்னால் அந்தக் குரல், எந்த அவசரமும் இல்லாமல், சொன்னது: "அறுபத்தாறு வயதில் கணவனை விட்டுத் தனியாக இருக்க என்ன செய்ய வேண்டும்."

கதவு திறந்தது. உள்ளே ஆவுடையும் பிரமநாயகி அக்காவும் மட்டும். அக்காவுக்குத் தட்டத் தெரியாது. ஆனால் போனில் அந்த மைக் படத்தை அமுக்கி வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்ளும் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. அண்ணாச்சி மேலிருந்து இறங்கியதற்கும் இவள் செருப்பு மாட்டியதற்கும் இடையில் ஒரு நிமிஷம் கிடைத்திருக்கும், அதில் கேட்டிருக்கிறாள்.

அண்ணாச்சியின் பேனா நோட்டுக்கு மேலே அரை அங்குலத்தில் நின்றது. இவ்வளவு காலத்தில் அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"என்னோடதுதான் மாமா" என்றாள் ஆவுடை. "ஆராய்ச்சி."

அவளுக்குப் பதினோரு நாள் இருந்தது. ஆறு வருஷத்தை அந்த ஒரு வார்த்தையில் கொண்டுபோய்ப் போட்டாள், குப்பைப் பையைப் போடுவது போல. அண்ணாச்சிக்கு மூச்சு திரும்பியது. "இன்னையோட சரி. முடிஞ்சுது" என்று குனிந்து, ஆ என்று எழுதத் தொடங்கினார்.

"பேரச் சரியா எழுதுங்க" என்றாள் பிரமநாயகி அக்கா.

அவர் நிமிரவில்லை. "மேல போ."

"ஆவுடை இல்ல. பிரமநாயகின்னு எழுதுங்க. க/பெ தளவாய்."

"ஏட்டி, ஆளுக நிக்காங்க."

"நாப்பத்து நாலு வருஷமா கொழம்புல உப்புக் கூடுன தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கியளே. இத மட்டும் ஏன் அடுத்தவ பேர்ல எழுதணும்?"

குரல் உயரவில்லை. பால் பாக்கெட் எத்தனை என்று கேட்கிற குரல்தான். பூட்டியிருந்த கதவுகள் ஒவ்வொரு மாடியிலும் திறக்கிற சத்தம் மட்டும் படிக்கட்டு வழியாக வந்தது. தளவாய் அண்ணாச்சி என்ன செய்வார் என்று பார்த்தேன், கெட்ட புத்திதான், ஆனால் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் பட்டாவில் பெயர் மாற்றிய கை அது. உரியவர் நேரில் வந்து, சாட்சி முன்னிலையில், என் பெயர் இது என்று சொன்ன பிறகு வேறு பெயர் எழுதுவதற்கு அந்தக் கைக்குப் பழக்கமே இல்லை. ஆ-வை அடித்தார். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிரமநாயகி என்று முழுதாக எழுதினார். எழுதிய பிறகுதான் அதைப் படித்தார்.

அன்றைக்கு ஒன்றும் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை, அப்படியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மேலே போய்க் குழம்பு வைத்தாள். வைத்துவிட்டு, தன் கட்டிலை ஆவுடையின் மேஜை கிடந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். மாமனார் சொல்லியிருந்த தீர்ப்பில் இருந்தது மருமகள் செய்த தப்புக்கு மருமகள் ஆராய்ச்சியை விடுவது. மாமியார் செய்ததற்கு அதில் வழி எதுவும் எழுதப்படாததால், அண்ணாச்சி சட்டத்தை மதிக்கிறவர், வாயை மூடிக்கொண்டார், மனைவி பெயரை எழுதிய கையால் இனி மருமகள் மேல் குற்றம் எழுத அவருக்கு முகமில்லை. ஆவுடை புது ஆளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பழைய ஆளையே கூப்பிட்டாள். பதினோரு நாளும் கூச்சமில்லாமல் திறந்து வைத்துத் தேடினாள், பக்கத்துக் கட்டிலில் அக்கா காலை நீட்டிக்கொண்டு, "அந்தக் கோர்ட்டுக்காரன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு நாற்பதுக்கு லிப்டில் மறுபடி கூட்டம்.

முப்பதாம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்கு, அச்செடுத்துக் கட்டிய நாலாம் அத்தியாயத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆவுடை லிப்டில் ஏறினாள். கீழே நல்லசிவம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டரோடு காத்திருந்தான். ஐந்தாம் மாடியில் பிரமநாயகி அக்கா, நாலாம் மாடியில் மேனேஜர் மனைவி, மூன்றில் நான், இரண்டில் ஜவுளிக்கடைக்காரர் மனைவி, ஒன்றில் ஜெபசெல்வி டீச்சர் என்று எல்லாரும் ஏறினோம், டீச்சருக்கும் தன் தனித் தேடுபொறி போதவில்லை போல. லிப்ட் பேசத் தொடங்கியது. கடைசியாகத் தேடியதோடு அது நிற்கவில்லை. ஆடி மாதத்திலிருந்து தேடியதைச் சொன்னது, தனித் தேடுபொறியில் தேடி அது சொல்லாமல் விட்டதைச் சொன்னது, பிறகு நாங்கள் எந்த ஜன்னலிலும் தட்டாமல், எந்த மைக்கிலும் சொல்லாமல் வயிற்றில் வைத்திருந்ததையும், அதே நிதானத்தில், ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இறங்கியது. ஐந்து மாடி போதவில்லை. கீழ்த்தளம் வந்தும் கதவைத் திறக்காமல் சொன்னது.

யாரும் கதவு திறக்கும் பொத்தானை அமுக்கவில்லை. உள்ளே வியர்த்துக் கொட்டியது. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது: தளவாய் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார், கையில் நோட்டு இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மேனேஜர், ஜவுளிக்கடைக்காரர், என் வீட்டுக்காரர், எல்லாரும் மேலே போக லிப்டுக்கு நின்றார்கள். பக்கத்திலேயே படிக்கட்டு இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இருபது நிமிஷம் நின்று கேட்டார்கள்.

சொல்லி முடித்து, "தயவுசெய்து விலகி நிற்கவும்" என்றது லிப்ட். கதவு திறந்தது. விலகி நின்றார்கள்.

நல்லசிவம் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தான். நின்றிருந்த அத்தனை ஆண்களும் கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டதை, மெதுவாக, மனைவியிடம் அவன்தான் கேட்டான்.

"இதுல உன்னோடது எது?"

"ஸ்கூட்டர எடுங்க" என்றாள் ஆவுடை. "அஞ்சு மணிக்கு ஆபீசப் பூட்டிருவாங்க."